எருக்கிலை ஒத்தடமும் எருக்கம்பாலும்

குதிகால் வலி என்றால் நம் ஊர்களில் முதலில் சொல்வது செங்கல்லும் எருக்கிலையும்தான். கெடுவது பெரும்பாலும் இலை பறிக்கும்போதே. செடியிலேயே பழுத்து மஞ்சளான அடி இலைதான் வேண்டும். தொட்டதும் கழன்றுவரும், பாலும் குறைவு. பச்சை இலையை ஒடித்தால் காம்பில் பால் திரண்டு சொட்டும். தோலில் பட்டால் எரிச்சல், சிலருக்குக் கொப்புளம்.

செங்கல்லைச் சூடாக்கி, பக்கத்தில் கை வைத்துப் பார்த்துத் தாங்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். மேலே நாலைந்து இலையை அடுக்கி, குதிகாலை வைத்து வைத்து எடுங்கள். இலை வாடிச் சுருண்டால் போதும். சுகம் தருவதில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான் என்பேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும். புண், வெடிப்பு உள்ள காலுக்கும் ஆகாது.

எருக்கம்பால் கண்ணில் தெறிப்பதுதான் பெரிய ஆபத்து. விநாயகர் சதுர்த்திக்குப் பூப் பறித்து மாலை கட்டும்போது, பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினாலே போதும். பால் கண்ணை மரக்கச் செய்வதால் வலி அதிகம் தெரியாது. ‘ஒன்றுமில்லை’ என்று இருந்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் கருவிழி வீங்கி, பார்வை புகைமூட்டமாகிவிடும். பட்ட உடனே கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய் ‘எருக்கம்பால்’ என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக்கூடாது. கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்குவதும் வேண்டாம். நேரத்தோடு போனால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடுகிறது.

உள்ளுக்குச் சாப்பிடுவது வீட்டு வைத்தியமே அல்ல. இதன் பாலில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு இருக்கிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இந்த இலையைத் தின்றே வளர்ந்து, அந்த நச்சைத் தனக்குக் காவலாக்கிக்கொள்ளும். நமக்கு அந்த வித்தை கிடையாது. சித்த மருந்துகளில் எருக்கு சேர்வது, நச்சைக் குறைக்கச் செய்யும் சுத்தி முறைகளுக்குப் பிறகுதான். சொத்தைப் பல்லில் பால் வைப்பதையும் விட்டுவிடுங்கள், வாய் வெந்துபோகும்.

வேரில் பிள்ளையார் செய்கிற வெள்ளெருக்கு சாது என்று ஒரு பேச்சு உண்டு. பூவின் நிறம்தான் வேறு. அதன் பாலும் இதே பால்தான்.