பார்ட்டி ஏ, பார்ட்டி பி

2008 நவம்பர் 2, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தாயிற்று. கூடுதலாகக் கிடைத்த அந்த நேரத்தையும் ஜெ. ஃபோனிலேயே செலவழித்தாள். பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை ஓட்டுச் சீட்டில் எட்டாம் எண்ணுக்கு, அதாவது பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் கலிபோர்னியாவில் கல்யாணம் செய்துகொள்ளத் தடை போடும் திட்டத்துக்கு, 'இல்லை' என்று போடச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஆதரவு என்றால் 'ஆம்' என்றுதானே போட வேண்டும் என்று பாதிப் பேர் கேட்கிறார்களாம். தடை வேண்டுமா என்பதுதான் கேள்வி, அதற்கு 'இல்லை' சொன்னால்தான் எங்கள் கல்யாணம் பிழைக்கும் என்று அவள் பொறுமையாக விளக்கிக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிவிட்டது.

நான் சுக்கு தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். எச்-1பி விசாவில் இருப்பவளுக்கு ஓட்டு ஏது.

இங்கே நான் அக்கா என்று கூப்பிடுகிறவரின் வீட்டுப் புல்தரையில், 'ஆம்' போடச் சொல்லும் அந்த மஞ்சள் பலகை இன்றும் இருந்தது. காரை மெதுவாக்கிப் பார்த்தேன். தீபாவளிக்கு அவர் முறுக்கு போட்டுக் கொடுத்த எவர்சில்வர் டப்பா இன்னும் எங்கள் சமையல் மேடையில்தான் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

தூக்கமே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே ஜெ. வரிசையில் நின்றுவிட்டாள். நானும் போய் வாசலில் நின்றேன். வெளியே வந்ததும் 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கரை எடுத்து என் ஸ்வெட்டரில் ஒட்டினாள். ஆபீசுக்குள் நுழைவதற்கு முன் கழற்றி பர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது?

இரவு 11.30

எட்டு மணி அடித்ததும் ஒபாமா ஜெயித்துவிட்டார் என்று அறிவித்தார்கள். ஜெ. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பாட்டி லூசியானாவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு ரயிலேறி ஓக்லாந்து வந்தவர். பாட்டிக்கு ஃபோன் போட்டாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அழுகை மட்டும்தான். தெருவெல்லாம் ஹார்ன் சத்தம். நானும் அழுதேன்.

அப்புறம் திரையின் அடியில் எட்டாம் எண் ஓட ஆரம்பித்தது. 'ஆம்' முன்னால் இருக்கிறது. பத்து மணிக்கும் முன்னால்தான். ஜெ. டிவியை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தாள். முகத்தில் பழைய கண்ணீர் காயக்கூட இல்லை.

நவம்பர் 5, புதன்

'ஆம்' 52 சதவீதம். ஆபீசில் பக்கத்தை மாற்றி மாற்றித் திறந்து பார்க்கிறேன், எண் அசையவில்லை. அரிசோனாவிலும் புளோரிடாவிலும் இதே போன்ற தடை நேற்றே ஜெயித்துவிட்டது. ஆனால் இங்கே மட்டும்தான் ஏற்கனவே கிடைத்திருந்ததைத் திரும்பப் பிடுங்கியிருக்கிறார்கள்.

மூலத்தில் மொத்தமே பதினான்கு வார்த்தைகள். ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடக்கும் திருமணம் மட்டுமே கலிபோர்னியாவில் செல்லும், அது மட்டுமே அங்கீகரிக்கப்படும் என்கிறது. 2000இல் இதே பதினான்கு வார்த்தைகளைச் சட்டமாகப் போட்டார்கள். இந்த மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதனால்தான் இப்போது அரசியலமைப்பிலேயே ஏற்றிவிட்டார்கள்.

எங்களுக்கு ஜூலையில் நடந்தது. ஓக்லாந்தில் கவுண்டி அலுவலகம், பார்ட் ரயிலில் போய் இறங்கினோம். விண்ணப்பத்தில் மணமகன், மணமகள் என்ற சொற்களை எடுத்துவிட்டு 'பார்ட்டி ஏ', 'பார்ட்டி பி' என்று அச்சடித்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண், "உங்களில் யார் ஏ?" என்று கேட்டார். நான் ஏ என்று ஜெ.தான் கை காட்டினாள். அப்பா பெயர், பிறந்த நாடு. அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பிறந்த நாடு. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரே பெயர்தான், இனிஷியல் மட்டும் மாறியது. தாத்தாவின் இனிஷியலைப் போட்டுக் கட்டம் கட்டமாக எழுதினேன். கை வேர்த்து மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது.

அம்மாவுக்குத் தெரியாத ஒரு கல்யாணப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது.

பாஸ்போர்ட்டும் விசா ஒப்புதல் வந்த ஐ-797 தாளும் இருக்கிற ஃபைலில்தான் அதையும் வைத்திருக்கிறேன். அடுத்தடுத்த உறைகள். ஆனால் ஒன்றுக்கொன்று ஆகாது. 1996இல் போட்ட மத்தியச் சட்டத்தின்படி வாஷிங்டனுக்கு நான் இன்னும் கல்யாணம் ஆகாதவள். ஜெ. குடியுரிமை உள்ளவள், அவளைக் கட்டிக்கொண்டதால் எனக்குக் கிரீன் கார்டு கிடைக்காது. இருந்தது இந்த மாநிலம் ஒன்றுதான், அதாவது இந்த ஒரு தாள்தான். ஏற்கனவே நடந்த திருமணங்கள் செல்லும் என்று அட்டர்னி ஜெனரல் ஜெர்ரி பிரவுன் சொல்கிறார். அவர் சொன்னால் போதுமா?

நவம்பர் 6, வியாழன்

தபால் ஓட்டுகள் பாக்கி இருக்கின்றன என்று நேற்று ராத்திரி வரை ஒரு நம்பிக்கை. இன்று எங்கள் தரப்பே தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டது.

நேற்று சாயங்காலம் சான் பிரான்சிஸ்கோ சிட்டி ஹால் முன்னால் மெழுகுவத்தி ஏற்ற ஆயிரக்கணக்கில் கூடினோம். ஜூன் 16 அன்று டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் கல்யாணம் செய்துகொண்ட கட்டடம் இது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்கள். ஆகஸ்ட் கடைசியில் டெல் போய்விட்டார். இதைப் பார்க்காமல் போனாரே என்று நேற்று எனக்கு ஓர் ஆறுதல் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே பிறகு அழுகை வந்தது.

திரும்பும்போதுதான் அது நடந்தது. கையில் மெழுகுவத்தியோடு நின்ற ஒருவன் ஜெ.யைப் பார்த்து, "உங்க ஆளுங்கதானே இதைச் செஞ்சாங்க" என்றான். கறுப்பின மக்களில் பத்துக்கு ஏழு பேர் 'ஆம்' போட்டதாக ஏதோ வாக்குச்சாவடிக் கணிப்பாம். இரண்டு மாதம் தொண்டை கட்டக் கட்டப் பேசியவளிடம். ஜெ. பதில் சொல்லவில்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு நடந்தாள். ரயிலில் என் கையைப் பிடிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. கேசரி கிளறி நிரப்பிக்கொண்டு போனேன்.

பலகை புல்தரையில் இல்லை, கராஜில் சைக்கிளுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அக்கா காப்பி ஆற்றிக்கொண்டே, "இவர் ஆபீஸ்ல யாரோ குடுத்தாங்கம்மா. ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுப்பாங்கன்னு டிவியில காமிச்சாங்கல்ல, பயமா இருந்துச்சு" என்றார். குடியுரிமை வாங்கியபின் அவர் போடுகிற முதல் ஓட்டு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் ரசமும் சாதமும் கொண்டுவந்து கொடுத்த கை அது.

சொல்லிவிட்டேன். "அக்கா, ஜூலையில நானும் ஜெ.யும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

அடுப்பை அணைத்தார். டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார். வெகு நேரம் கழித்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "அம்மாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் உனக்கு எதிராவா போட்டேன்? உன்னை நினைச்சுப் போடலையேம்மா."

அதுதான் அக்கா, அதுதான். நினைக்கவே இல்லை. வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் பியானோ வகுப்பு முடிந்து வந்துவிட்டார்கள். காப்பியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேசரி டப்பா என் பையிலேயே இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மாவிடம் மழை பற்றிப் பேசினேன். தாமிரபரணியில் தண்ணீர் வருகிறதாம்.

நவம்பர் 12, புதன்

கனெக்டிகட்டில் இன்று முதல் எங்களைப் போன்றவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். ஜெ.யிடம் சொன்னேன். நல்லது என்று சொல்லிவிட்டு விடைத்தாளைத் திருத்தினாள்.

நவம்பர் 15, சனி

நாடு முழுக்க இன்று ஊர்வலம். ஜெ. வரமாட்டேன் என்றாள், நானும் போகவில்லை. கோபத்தில் இருப்பவர்கள் நடுவில் மறுபடியும் போய் நிற்கத் தனக்குத் தெம்பு இல்லை என்றாள்.

அப்புறம் 1948 பற்றிச் சொன்னாள். வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் மணக்கக் கூடாது என்ற தடையை அந்த வருஷம் உடைத்தது இதே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்தான். அன்றைக்கு அதை ஓட்டுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. சாதி மாறிக் கட்டிக்கொண்ட சித்தப்பாவை ஊருக்குள் விடலாமா என்று தெருவில் எல்லோரையும் கேட்டிருந்தால்? ஜெ.க்கு அந்தக் கதையை முதல் முறையாக முழுசாகச் சொன்னேன். விடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். பத்து நாள் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

நவம்பர் 19, புதன்

எட்டாம் எண்ணை எதிர்த்துப் போட்ட வழக்கை விசாரிக்க மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் தடையை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது. ஏற்கனவே நடந்தவற்றின் கதி என்ன என்பதும் விசாரணையில் சேர்த்தி. ஏறக்குறைய 18,000 ஜோடிகள் என்கிறார்கள். மார்ச்சில் வாதம் இருக்கலாமாம்.

அதுவரை? வீட்டு வாடகை ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. புதிய தாளில் 'மனைவி' என்று எழுதலாமா என்று ஜெ. கேட்கிறாள். எழுது என்றேன். பென்சிலால் எழுதட்டுமா என்றாள். அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு, "பேப்பர்ல துணுக்கு ஒண்ணு போட்டிருந்தாம்லா. கலிபோர்னியாவுல ஓட்டுப் போட்டு எதையோ நிறுத்திப்புட்டாங்களாம். அது உங்க ஊருலயாட்டி?" என்றாள்.

"ஆமாம்மா."

காலிங் கார்டில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் காக்கா சத்தம், குக்கர் விசில்.

"உங்கூட இருக்குதே அந்தப் பிள்ள, அதுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லியே?"

"ஏம்மா கேக்க?"

"சும்மாதான். இன்னைக்கு என்ன வச்ச?"

"சொதி."

"தேங்காப்பால் திரிஞ்சிராம பாத்துக்கோ" என்றாள். கார்டு தீர்ந்துவிட்டது.

அந்தப் பிள்ள. இதுவரை 'ரூம்மேட்' என்றுதான் சொல்வாள், அதையும் 'ரூமேட்டு' என்று.

நவம்பர் 25, செவ்வாய்

அக்காவின் டப்பாவைக் கழுவித் துடைத்து மறுபடியும் மேடையில் வைத்திருக்கிறேன்.

அம்மாவிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். செவ்வாய்க்கிழமை கூப்பிடுகிற வழக்கமே இல்லை. புது கார்டு வாங்க ஜெ. கடைக்குப் போயிருக்கிறாள்.