மேயர் ஓப்பன்ஹைமரைத் தேடி மூணு நாள் அலைச்சல்

வான்கூவரோட ரெண்டாவது மேயர் டேவிட் ஓப்பன்ஹைமர் பத்தி ஒரு ஹெரிட்டேஜ் வாக்ல பத்து நிமிஷம் பேச ஒத்துக்கிட்டேன். அவர் இறந்தப்போ ஊர் பேப்பர்ல என்ன போட்டாங்கன்னு கண்ணால பாத்துட்டுத்தான் பேசணும்னு இருந்துச்சு, அதுக்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

மொத நாள் சுத்த வேஸ்ட். காப்பகத்துல கார்டு போட அட்ரஸ் ப்ரூஃப் வேணுமாம். லைசன்ஸ்ல பழைய அட்ரஸ், கரண்ட் பில்லை போன்ல காட்டினேன், பேப்பர்ல இருந்தாத்தான் செல்லும்னு கவுன்டர்ல இருந்தவர் நிமிர்ந்துகூட பாக்காம சொல்லிட்டார். கொட்டுற மழையில ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், எவ்வளவு எரிச்சலா இருக்கும்!

சரி, சிலையையாவது பாப்போம்னு பவல் ஸ்ட்ரீட்ல அவர் பேர்ல இருக்கிற ஓப்பன்ஹைமர் பார்க்குக்குப் போனா அங்க சிலையே இல்ல. சிலை இருக்கிறது ஸ்டான்லி பார்க்ல, இங்லிஷ் பே பக்கத்து வாசல்ல. போறவங்க குறிச்சு வச்சுக்கோங்க.

ரெண்டாம் நாள் பில்லோட போனேன், கார்டு அஞ்சே நிமிஷத்துல கிடைச்சிருச்சு. அவர் இறந்தது 1897 டிசம்பர் 31, அதனால டிசம்பர் மைக்ரோஃபிலிம் (பழைய பேப்பரை சின்னதா படம் பிடிச்சு வச்ச ஃபிலிம் ரோல்) கேட்டு வாங்கி ரெண்டு மணி நேரம் ஓட்டி ஓட்டி கண்ணெல்லாம் எரிஞ்சதுதான் மிச்சம், அப்புறம்தான் உறைச்சுது, வருஷக் கடைசி நாள் இறந்தவரோட செய்தி 1898 ஜனவரி ரோல்லதானே இருக்கும்! ஸ்லிப்ல இறந்த தேதியையே எழுதிக் கொடுத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த ரோலுக்கு மறுநாள் வரணும்னுட்டாங்க.

அன்னைக்கு கிடைச்ச ஒரே நல்ல விஷயம் கேட்டலாக்தான். டேவிட்னு தேடினா கொஞ்சம்தான் வருது, "ஓப்பன்ஹைமர் பிரதர்ஸ்"னு கடை பேரைப் போட்டா கொட்டுது. ஏன்னா அவர் வாழ்க்கையே அண்ணன் தம்பிங்களோட சேர்ந்த வியாபாரம்தான். 1834ல ஜெர்மனியில ப்ளீஸ்காஸ்டல்ல பிறந்த யூதப் பையன், 1848ல குடும்பத்தோட அமெரிக்கா வந்து, கலிஃபோர்னியா போய், அப்புறம் தங்கம் தேடிப் போனவங்க பின்னாடியே கனடாவுல யேல், பார்க்கர்வில்னு ஊர் ஊரா கடை போட்டு சாமான் வித்தவர். 1888ல இருந்து 1891 வரைக்கும் சம்பளமே வாங்காம மேயரா இருந்திருக்கார். ஸ்டான்லி பார்க்கைத் திறந்ததும், கபிலானோ ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்ததும், டிராம் ஓடினதும் அந்த நாலு வருஷத்துலதான். ஒரு மளிகை வியாபாரிகிட்ட இருந்து இவ்வளவு வந்திருக்குன்னு நினைச்சா எனக்கு மனசு நிறைஞ்சு போகுது.

இன்னொண்ணு, கல்லறையை இந்த ஊர்ல தேடாதீங்க. இங்க இருக்கிற மவுண்டன் வியூ கல்லறைத் தோட்டத்து லிஸ்ட்ல நான் பேரை மூணு ஸ்பெல்லிங்ல போட்டுப் பாத்தேன். அவரை அடக்கம் பண்ணினது நியூயார்க் ப்ரூக்ளின்ல.

மூணாம் நாள் ஜனவரி ரோல். பேர் கண்ணுல பட்டதும் கை நடுங்கிருச்சு. பிரிண்ட் எடுக்கும்போது செய்திப் பத்தியோட அடி கட் ஆகுது, சைஸைக் குறைச்சு ரெண்டாவது தடவை அடிச்சேன், சில்லறைக் காசு நிறைய எடுத்துட்டுப் போங்க. நேரா அங்கேருந்து இங்லிஷ் பே போனேன். சிற்பி மரேகா செஞ்சு 1911ல வச்ச மார்பளவு சிலை. பேப்பர் நனையாம கோட்டுக்குள்ள பிடிச்சுக்கிட்டு அது முன்னாடி நின்னே முழுசா படிச்சு முடிச்சேன்.