காரமும் பிசினும் கலந்த ஒரு மணம்

மசாலாவும் பிசினும் கலந்த பெண்களுக்கான வாசனைத் திரவியங்களில், ஈவ் சான் லோரான் நிறுவனம் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஓப்பியம்’ பெரும் பெயர் பெற்றது என்பதால், அந்த வகையை அறிய விரும்பிய நான் அதிலிருந்தே தொடங்கினேன். தெளித்த உடனே மேலெழுவது ஆரஞ்சுத் தோலின் கூர்மையும், அதை முந்திக்கொண்டு வரும் கிராம்பின் காரமும்தான். மணம் பார்ப்பதற்காகத் தெளித்துத் தரும் அட்டைத் துண்டில் முகர்ந்தபோது மருந்து நெடியாகத் தோன்றிய அந்தக் கிராம்பு, உடற்சூட்டில் இலவங்கப்பட்டையோடு சேர்ந்து இனிப்பாக மாறியது. அட்டையை மட்டும் முகர்ந்துவிட்டுப் புட்டியை வாங்குபவர்களை எண்ணினால் எனக்குச் சற்று வருத்தமே.

ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்களின் மூலக்கூறுகள் இலேசானவை என்பதால் விரைவில் ஆவியாகிவிடுகின்றன. சாம்பிராணி, வெள்ளைப்போளம் போன்ற பிசின்களில் உள்ள கனமான மூலக்கூறுகளோ தோலிலேயே தங்கி, மற்ற மணங்களையும் எளிதில் பறக்கவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. மாலையில் சட்டைக் கையை மடித்து முகர்ந்தபோது காரம் முழுவதும் அடங்கி, வனிலாவை ஒத்த இனிப்பும் மெல்லிய கசப்பும் சிறிது புகைநெடியும் மிஞ்சியிருந்தன. எனக்குப் பிடித்தது இந்தக் கட்டம்தான், தொடக்கத்து ஆரவாரம் அல்ல.

மூடிய அறைக்குள் தாராளமாகத் தெளித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வந்துவிடக்கூடும் என்பதால் அலுவலகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்ந்த இரவுகளுக்கு ஒரே ஒரு தெளிப்பு போதும்.