மெச்சியது ஒன்று, வைத்துக்கொண்டது ஒன்று

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் என் பழைய லேப்டாப்பில் இல்லை. பேட்டரியும் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எத்தனை முறை போகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் நெல் கணக்கு முழுக்க அதில்தான்.

அதனால்தான் விண்டோஸுக்குப் பதிலாக முதலில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளம். அதில் வரும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை (டிஸ்க்கில் தகவலை எழுதி வைக்கும் விதம்), இருக்கும் தகவலின் மேல் எழுதாது. புதியதை வேறு இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பழையதைக் கைவிடும். நடுவில் கரண்ட் போனால் பழையது அப்படியே இருக்கும். கையேடும் அவ்வளவு சுத்தம், கதை போல ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

நிறுவி முடித்ததும் கறுப்புத் திரையில் லாகின் கேட்டது. டெஸ்க்டாப்பை நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். வைஃபை சிப்பையோ அது கண்டுகொள்ளவே இல்லை. போனை யுஎஸ்பி வயரில் மாட்டி, அதற்கான மாட்யூலை, அதாவது டிரைவரை, தேடி ஏற்றி, ஒருவழியாக இணையத்தை இழுத்தேன். எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டாப் இறங்குவதற்குள் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து வந்தது. மெச்சத்தான் வேண்டும். ஆனால் அப்பா சிட்டா எடுக்கும்போதெல்லாம் என் போனைக் கட்டிப்போட முடியுமா?

அப்புறம் டெபியன், லினக்ஸ் வகை. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை சிப் போன்றவற்றை இயக்கும் ஃபர்ம்வேரும் நிறுவும் கோப்பிலேயே வருகிறது. நிறுவும்போதே வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன, பக்கத்து வீட்டுப் பெயர் உட்பட. இசட்எஃப்எஸ் அங்கே நிறுவும்போது தேர்வில் வராது, இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைதான். செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைக்கும் ஜர்னல் இருப்பதால் டிஸ்க் தப்பும், சேமிக்காத வரிகள் போகும். லிப்ரே ஆபீஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 2 ஆக்கினேன். சரி, இவ்வளவு போதும்.

கடைசியாகத் தமிழ்99 விசைப்பலகை போட்டேன். அதுவரை அப்பா சொல்லச் சொல்ல நான்தான் தட்டுவேன். இப்போது அவரே உட்கார்ந்து ச, ம, ப, ஆ என்று ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். திரையில் ‘சம்பா’ என்று வந்தது.

“ஏம்ப்பா, நான் புள்ளி வைக்கலையே?”