ஒரத்துப்பாளையம்: சாயம் தேங்கிய அணை

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலின் குறுக்கே, திருப்பூருக்குக் கீழே, 1992-ஆம் ஆண்டு ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென எழுப்பப்பட்ட அந்த அணையில் சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கியது. அதன் நீரை வயலுக்குத் திறந்துவிட வேண்டாம் என்று, அந்த நீருக்காகக் காத்திருந்த உழவர்களே கேட்கும் நிலை வந்தது. ஓர் அணைக்கு இதைவிடப் பெரிய தோல்வியை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

பலரும் நிறத்தைத்தான் பழிக்கிறார்கள். உண்மையில் ஆழமான கேடு செய்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிப்பதற்குச் சாயத்தொட்டியில் பெருமளவு உப்பு சேர்க்கப்படுகிறது. துணி சாயத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் உப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்கும், கரைந்த உப்பை அகற்றாது. அது மண்ணில் படிந்து, கிணறுகளில் இறங்கி, வேர்கள் நீரை உறிஞ்ச முடியாதபடி செய்கிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டி, எஞ்சியதை ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியேறாமல் மறுபடி பயன்படுத்தும் முறை அதன் பின்னரே வேகம் பெற்றது. அந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன். எனினும், வடிகட்டிப் பிரித்த உப்புக் கசடை எங்கே வைப்பது என்ற கேள்வியும், கரையோரக் கிணறுகளில் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பும் அப்படியே இருக்கின்றன.