48 விநாடியும் 31 விநாடியும்: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையைப் பழுதுபார்க்க வைத்த அனுபவம்

சிவகங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாயின் கரை, இரண்டாள் உயரத்திற்குச் சற்றே மேற்பட்ட மண்கரைதான் என்றாலும், அதன் அடிவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நாற்பது வீடுகள் உள்ளன. மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து சென்றிருந்தபோது, பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் நடுமடைக்கு நேர் கீழே, கரையின் வெளிச்சரிவில் தரை சொதசொதவென்று இருப்பதையும், ஓரிடத்தில் விரல் கனத்திற்கு நீர் ஊறி ஓடுவதையும் கண்டேன். “அது எனக்குத் தெரிஞ்ச நாள்லருந்தே கசியுது, மாப்பிள்ளை” என்றார் தாய்மாமா. மண்கரை எதுவும் ஓரளவு கசியும் என்பது உண்மையே. ஆனால் அந்த நீர் கலங்கலாக இருந்தது.

சுரங்க ரயில் பணியிடங்களில் நிலத்தடி நீரழுத்தத்தையும் மண்ணின் அசைவையும் அளக்கும் கருவிகளைக் கவனிப்பது பதினொரு ஆண்டுகளாக என் வேலை. 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலைச் சுரங்க ரயில் பணியிடம் இடிந்து நால்வர் உயிரிழந்ததையும், கருவிகள் முன்கூட்டியே காட்டிய அறிகுறிகள் உரிய காலத்தில் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்ததையும் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மறப்பதில்லை. கலங்கல் நீர் வருகிறதென்றால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். பழைய செங்கல் மடைக்குழாயும் மண்ணும் சேரும் இடத்திலோ, வெட்டிய சீமைக்கருவேலத்தின் வேர் மக்கிப்போன பாதையிலோ தொடங்கும் இந்த உள்ளரிப்பு, வெளிப்புறத்திலிருந்து நீர்ப்புறத்தை நோக்கிச் சிறுகச் சிறுகக் குடைந்துகொண்டே போகும். நீர்ப்புறத்தை எட்டிவிட்டால் அதன் பிறகு கிடைக்கும் நேரம் சில மணிதான். 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்தது. அங்கும் கசிவைப் பற்றி ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள்.

முதல் மனு மூன்று வாரத்தில் ‘இவ்வலுவலகத்திற்குரியதன்று’ என்ற குறிப்புடன் திரும்பியது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன என்பதை அதற்குப் பிறகே அறிந்தேன். எங்கள் ஆயக்கட்டு 47 ஹெக்டேர். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் துணைசெய்யுமா என்றும் பார்த்தேன். 10 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவை அதன் வரம்புக்குள் வருவதில்லை. இரண்டாம் மனுவில் ‘கரை மிகவும் பலவீனமாக உள்ளது, உடனடியாக ஆவன செய்ய வேண்டுகிறோம்’ என்று எழுதினோம். நிதி ஒதுக்கீடு கிடைத்ததும் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தபோது பங்குனி பிறந்து கண்மாய் வற்றிவிட்டது. வற்றிய கண்மாயில் கசிவை யாருக்கும் காட்ட முடியாது.

அந்தக் கோடையில் மாமா தம் பெயரில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார். கண்மாயின் முழு நீர்மட்டம் என்ன, கரை மட்டம் என்ன, மடை கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்ற மூன்றை மட்டும் கேட்டோம். 30 நாள் கெடுவுக்குள் நகல்கள் கிடைத்தன. கொத்தனாரின் மட்டக்குழாயைக் கொண்டு மிகைநீர் வழிந்தோடும் கலுங்கின் மேல்தளத்திலிருந்து அளந்தபோது, வண்டிப்பாதை கரையேறும் இடத்தில், ஆவணத்தில் கண்டதைவிடக் கரை இரண்டடி தாழ்ந்திருந்தது. பெருமழையில் கரை தாண்டி நீர் வழிய முதலில் இடங்கொடுப்பது அந்தப் பள்ளமே. கசிவையே எண்ணிக்கொண்டிருந்த நான் இதைக் கவனிக்கத் தவறியிருந்தேன்.

அடுத்த ஐப்பசியில் கண்மாய் பெருகியதும் மாமாவும், வயல்களுக்கு நீரைப் பிரித்துவிடும் நீர்பாய்ச்சியும் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு மூன்று காரியம் செய்தார்கள்: கலுங்குத் தூணில் நாங்கள் வரைந்திருந்த அளவுகோலில் நீர்மட்டத்தைக் குறித்தார்கள், கசிவுநீரை ஒரு தகரத்தில் ஒன்றுசேர்த்து, 15 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் எண்ணினார்கள், கண்ணாடிப் புட்டியில் அந்த நீரைப் பிடித்து மறுநாள் வரை அசையாமல் வைத்தார்கள். படங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். பணியிட அறிக்கை போலவே நான் அட்டவணையாக்குவேன். கண்மாய் பெருகும்போது கசிவும் கூடுவது இயல்பு. நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடினால் அது ஆபத்து. பன்னிரண்டு நாளில் நீர்மட்டம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. வாளி நிரம்பும் நேரமோ 48 விநாடியிலிருந்து 31 விநாடியாகக் குறைந்தது. புட்டியின் அடியில் மண் படிந்தது.

அன்றிரவு இளைஞர்கள் களிமண்ணைக் கொண்டு கசிவின் வாயை அடைக்கப் புறப்பட்டார்கள். வெளிப்புறத்தில் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி வேறோர் இடத்தில் பீறிடும் என்று தொலைபேசியில் மன்றாடித் தடுத்தேன். மணல்மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே முதலில் ஆற்றுமணலையும் அதன்மேல் பொடிஜல்லியையும் பரப்பச் சொன்னேன். நீர் வெளியேற வேண்டும், மண் உள்ளேயே தங்க வேண்டும். விடியும்வரை வீடியோ அழைப்பைத் துண்டிக்கவில்லை. காலையில் தெளிந்த நீர் வந்ததைக் காட்டியபோது மாமாவின் குரல் தழுதழுத்தது.

அட்டவணையையும், கரை மட்ட அளவையும், புட்டிகளின் படங்களையும் இணைத்து மூன்றாம் மனுவை அனுப்பினோம். ஆறாம் நாள் உதவிப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்தார். வாளியைக் கேட்டு வாங்கித் தாமே நேரம் எண்ணிப் பார்த்தார். கலுங்குப் பலகையை எடுத்து நீர்மட்டத்தை ஒன்றரை அடி இறக்கச் செய்தார். விவசாயிகள் சிலருக்கு அதில் வருத்தம் இருந்தது, அது நியாயமான வருத்தம்தான். கோடையில் மடைக்குழாயைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் பதித்து, களிமண்ணை அடுக்கடுக்காக இறுக்கி, அடிவாரத்தில் மணல் வடிகாலும் அமைத்தார்கள். வண்டிப்பாதைப் பள்ளமும் உயர்த்தப்பட்டது.

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் அணையும் 1860களில் எழுந்த மண்ணணைதான். ஞாயிறு காலைகளில் அங்கே நடக்கும்போது, கத்தரித்த புல்லைத் தவிர மரமில்லாத அந்தச் சரிவை இப்போது நின்று பார்க்கிறேன். ஈரம் தோன்றினால் அன்றே கண்ணில் படும்.

சென்ற கார்த்திகையில் எங்கள் கண்மாய் மீண்டும் நிறைந்தது. வாளி நிரம்ப மூன்று நிமிடத்திற்கு மேல் ஆகிறது. புட்டியின் அடியில் எதுவும் படிவதில்லை. மாமா இன்னும் ஏழு மணிக்குப் படம் அனுப்புகிறார். கீழ்மடைக்கு அருகிலும் ஓர் ஈரத்திட்டு தெரிவதாகச் சென்ற வாரம் சொன்னார். அதற்கும் ஒரு வாளி வைத்திருக்கிறோம்.