ராஜ்தூத் 350 ரீபில்ட்: ஹெட் இரண்டும் ஜோடி சேர்ந்த கதை

ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கில் என் ராஜ்தூத் 350 பைக்கின் எஞ்சினைப் பிரித்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அந்த 61 நாளும் மண்டபம், பாம்பன் பக்கம் இருக்கிற லேத்துப் பட்டறைகள் எல்லாம் விசைப்படகு எஞ்சின்களுக்குத்தான். போட்டுக்காரர்கள் மொத்த ஓவராலையும் இந்த நாட்களில்தான் முடிக்க வேண்டும். அவர்கள் பிழைப்புக்கு முன்னால் என் பைக் காத்திருப்பதுதான் நியாயம்.

இது 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். போர் (சிலிண்டர் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட், அதாவது மேல்மூடி. ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் ஹெட்டைக் கழற்றுவதே பெரிய பாடு. நட்டு நாலும் வந்துவிட்டது, ஹெட் அசையவில்லை. உச்சிப்புளியில் வீட்டு ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒருதரம் பொரிந்து உதிரும், அவ்வளவு உப்புக்காற்று. ஹெட்டைப் பிடிக்கும் இரும்பு ஸ்டட்டும் (மரை போட்ட கம்பி) அலுமினிய ஹெட்டும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரிதான். அரிபடுவது அலுமினியம். அரிப்பில் வரும் வெள்ளைப் பொடி ஸ்டட் ஓட்டைக்குள் சிமெண்ட் போல இறுகிவிடுகிறது. மூன்று நாள் டீசல் ஊற்றி ஊறவிட்டேன். பிறகு கேஸ் பர்னரில் ஹெட்டைச் சூடாக்கினேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன், வந்தது. ஸ்க்ரூடிரைவரை ஃபின்னுக்கு (சூடு ஆற்றும் தகடு) அடியில் கொடுத்து நெம்பாதீர்கள். யாரோ முன்பு நெம்பியதால்தான் என் வலது ஹெட்டில் ஒரு ஃபின் இல்லை.

வலது ஹெட்டில் அது போக, உடைந்த பிஸ்டன் ரிங் துண்டு கொத்திய சில தழும்புகள். தேய்த்துச் சரிசெய்தேன், அவ்வளவுதான்.

இடது ஹெட்தான் கலங்க வைத்தது. பிஸ்டனை ஒட்டி நிற்கும் ஓரப் பட்டை முழுக்கக் கரையான் அரித்த மரம் போலப் பொடிப்பொடிக் குழி. தேய்ந்த பிளக் மரைக்குப் பதிலாக முன்பே யாரோ போட்டிருந்த இன்சர்ட் (புது மரை வளையம்) சரியாக உட்காராமல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி நீட்டும் முனை சிவக்கக் காய்ந்து, ஸ்பார்க் வரும் முன்பே பெட்ரோலைக் கொளுத்திவிடும்.

மண்டபத்தில் போட் எஞ்சின் பார்க்கிற அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். “ஹெட்டை அப்புறம் பாப்போம் தம்பி. இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்புடிச் சுட்டிருக்கு? காத்து எங்கயோ இழுக்குது, அதைப் பாரு முதல்ல” என்றார். இன்சர்ட்டை மட்டுமே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைத்தது.

இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ரப்பர் போட்டு அடைத்து, பழைய பிபி பார்க்கும் கருவியின் பல்பால் காற்றடித்தேன். 6 பிஎஸ்ஐ அழுத்தம் 6 நிமிஷம் நிற்க வேண்டும் என்பது டூ ஸ்ட்ரோக் ஆட்கள் வைத்திருக்கும் கணக்கு. பிபி கேஜில் 300 என்பது கிட்டத்தட்ட அந்த அழுத்தம்தான். என் எஞ்சின் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சோப்புத் தண்ணீர் தடவியதும் இடது ஓரத்தில், மேக்னெட் பக்க கிராங்க் சீலில் (கிராங்க் தண்டைச் சுற்றிய ரப்பர் அடைப்பு) குமிழ் வந்தது. அந்த வழியாகக் காற்றை இழுத்து, பெட்ரோல் குறைந்த கலவையிலேயே இடது சிலிண்டர் ஓடியிருக்கிறது. சீலை மாற்றாமல் ஹெட்டை மட்டும் சரிசெய்து மாட்டியிருந்தால் அதே குழிகள் திரும்ப விழுந்திருக்கும்.

அடுத்து ஆர்கான் வெல்டிங். மண்ணெண்ணெயில் கழுவி, தோசைக்கல்லில் வைத்து மெதுவாகச் சூடேற்றித்தான் கொடுத்தேன். அப்படியும் ஆர்க் பட்டதும் உலோகத்துக்குள் ஊறியிருந்த ஆயில் கறுப்பாகக் கக்கியது. கிரைண்ட் செய்து மறுபடி, மறுபடி என்று மூன்று முறை ஆனது. முடிந்ததும் காய்ந்த சாம்பலில் புதைத்து ஒரு ராத்திரி ஆறவிட்டோம். பழைய இன்சர்ட்டை எடுத்துவிட்டு, நீட்டாமல் உட்காரும் புதியதைப் போட்டார்கள். வெல்டிங்குக்கு முன்பே ஆசையாக அடிமுகத்தைத் தேய்த்து மட்டம் எடுத்து வைத்திருந்தேன். வெல்டிங் சூட்டில் அது கோணிப்போய், அந்த இரண்டு நாள் உழைப்பும் வீண்.

ஜூன் கடைசியில்தான் லேத்தில் இடம் கிடைத்தது. பிஸ்டனுக்கும் ஹெட் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க, ஈய வயரை பிஸ்டன் பின் போகும் வாக்கில், இரு ஓரத்திலும் கிரீஸ் வைத்து ஒட்டி, எஞ்சினைச் சுற்றி நசுக்கி அளந்தேன். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு பொய்யாகிவிடும். இடது 1.9 மி.மீ., வலது 1.6. இரண்டையும் 1.1க்குக் கொண்டுவந்தோம். இன்னும் குறைக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை, உச்ச வேகத்தில் கனெக்டிங் ராடு நீளும் இடத்தையும் விட்டுவைக்க வேண்டும்.

பிறகு ஊசி மருந்துச் சிரிஞ்சில் ஆயில் எடுத்து, பிளக் ஓட்டை வழியாக விட்டு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடத்தை அளந்தேன். வலது 20.4 சிசி, வெல்டிங் நிரம்பிய இடது 19.6. கம்ப்ரஷன் கணக்கில் 9.5க்கும் 9.9க்கும் உள்ள வித்தியாசம். இப்படியே விட்டால் ஒரே த்ராட்டிலில் ஒரு சிலிண்டர் எப்போதும் அதிகமாகக் காயும். இடது ஹெட்டின் உட்குழிவை நானே பாலிஷ் கல்லால் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டினேன். அளப்பது, தேய்ப்பது, கழுவி மறுபடி அளப்பது என்று பதினோரு தடவை. 20.4 வந்தபோது மணி ராத்திரி ஒன்றரை.

கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பர் ஒட்டி, எட்டு போடுகிற மாதிரி தேய்த்து முகம் எடுத்தேன். 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையவில்லை. ஸ்டட்டுகளில் காப்பர் கிரீஸ் தடவி, குறுக்கு மறுக்காக மூன்று சுற்றில் முறுக்கினேன்.

ரன்னிங் இன் (புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது) இப்போது 120 கிலோமீட்டர் ஆகிறது. விடியற்காலையில் மண்டபம் வரை போய்த் திரும்புகிறேன், பாம்பன் பாலம் ஏறவில்லை. நேற்று பிளக் இரண்டையும் கழற்றி அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பழுப்பு. ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கிவிட்டேன், அடுத்து கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் மெயின் ஜெட்.